கடல் இல்லாத ஊரில் சிப்பி நகை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கைத்தொழில் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெளிநாட்டில் நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள் செய்யும் ஒரு கைத்தொழிலைப் பற்றிக் குழுவுக்கு ஒருவர் பேச வேண்டும் என்று போன கூட்டத்தில் முடிவு செய்தோம். எங்க குழு சிப்பிக் குழு. மாலை, காதுத் தொங்கல், வாசல் தோரணம்னு சிப்பியிலயே பொழைக்கிறவங்க. அதனால சிப்பி நகைதான் தேடினேன். தேடும்போது கிடைச்ச ஊர் எனக்கே ஆச்சரியம். அங்க கடலே கிடையாது. சுத்தி வறண்ட மலையும் பாறையும்தான். ஆனா ஆயிரம் வருஷத்துக்கு மேல சிப்பியில நகை செய்யிறாங்க.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ என்று ஒரு மாநிலம். அங்கே பூர்வகுடி மக்களுடைய ஊர்கள் 19 இருக்கு. அந்த மக்களை பியூப்ளோ மக்கள் என்கிறார்கள். பியூப்ளோ என்றால் ஸ்பானிஷ் மொழியில் ஊர் என்றுதான் அர்த்தம். நாம பள்ளிக்கூடத்துல செவ்விந்தியர்னு படிச்சோமே, அந்தப் பெரிய கூட்டத்துல இவங்களும் ஒரு பிரிவு. ஆனா படத்துல காட்டுற மாதிரி கூடாரம் போட்டுக் குதிரையில சுத்துறவங்க இல்லை. சுடாத மண்கல்லால வீடு கட்டி, மக்காச்சோளம் விதைச்சு, ஒரே இடத்துல நிலைச்சு வாழ்ற குடியானவங்க. வாசலுக்கு வெளியே மண்ணால கவுத்த பானை மாதிரி ஒரு அடுப்பு இருக்கும். ரொட்டி அதுலதான் சுடுவாங்க. சூனி, ஹோப்பி மக்களிடம் வழிவழியாக வீடு பெண்ணுக்குத்தான் சொந்தம், கல்யாணம் ஆனால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். இதைப் படிச்சுக் காட்டினப்போ எங்க குழுவுல ரொம்ப நேரம் சிரிப்பு அடங்கலை.

அந்த 19 ஊரில் சாந்தோ டொமிங்கோ என்று ஒன்று. அவங்க மொழியில கேவா. ரியோ கிராண்டே ஆத்துப் பக்கம், சாந்தா ஃபே நகரத்துக்கும் அல்புகர்க்கி நகரத்துக்கும் நடுவுல இருக்கு. சிப்பி நகைக்கும் பாசிக்கும் பேர்போன ஊர் அதுதான். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே வேலை செய்வாங்க. நகையும் ரெண்டு பேருமே போட்டுக்குவாங்க. ஊர்த் திருவிழா ஆகஸ்ட் 4. அன்னைக்கு வெளியாட்கள் வந்து பாக்கலாம். ஆனா அந்த ஊருக்குள்ள போட்டோ எடுக்கக் கூடாது. தங்கள் சடங்குகளை வெளியில் சொல்வதும் இல்லை. அது எனக்குப் பிடிச்சிருந்தது. எல்லாத்தையும் எல்லாருக்கும் காட்டணும்னு என்ன கட்டாயம்?

இப்போ சாமானுக்கு வர்றேன். முக்கியமானது ரெண்டு. ஒண்ணு சிப்பி. இன்னொண்ணு டர்க்காய்ஸ் என்ற கல். நீலமும் பச்சையும் கலந்த நிறம், சில கல்லில் கறுப்பு நரம்பு ஓடும். செம்புச் சத்து இருக்கும் வறண்ட பாறைக்குள் தண்ணீர் இறங்கி இறங்கி உண்டாகும் கல் அது. செம்பாலதான் அந்த நீலம். சாந்தோ டொமிங்கோவுக்குக் கிட்டத்திலேயே செர்ரில்லோஸ் குன்றுகள் என்று இருக்கு. வெள்ளைக்காரர் வருவதற்குப் பல நூறு வருஷம் முன்னாலேயே, இரும்பு இல்லாமல், கல் சுத்தியலால் அந்த மலையைக் குடைந்து கல் எடுத்திருக்கிறார்கள். மழை குறைஞ்ச பூமி. அந்தக் கல்லுக்கு வானத்தோட நிறம், தண்ணியோட நிறம். அவங்களுக்கு அது வெறும் அலங்காரக் கல் இல்லை.

கல் பக்கத்துல. சிப்பி? அது கலிபோர்னியா வளைகுடாவிலிருந்து வந்தது. நேர்க்கோடு போட்டு அளந்தாலே 600 கிலோமீட்டருக்கு மேல. நம்ம ராமேஸ்வரத்துக்கும் சென்னைக்கும் இருக்கிற தூரத்தை விட ஜாஸ்தி. ஸ்பானியர்கள் 1540-இல் வருவதற்கு முன்னால் அந்த நாட்டில் குதிரை, கழுதை, மாடு, வண்டி ஒன்றும் கிடையாது. மனுஷன் முதுகுதான். கை மாறி ஊர் மாறி, நடுவில் அரிசோனாப் பக்கத்து ஹோஹோகாம் மக்கள் வளையலாக அறுத்து, அப்படி வந்திருக்கிறது. சிவப்பும் ஆரஞ்சும் கலந்த முள் சிப்பி, வளையல் அறுக்கிற கெட்டிச் சிப்பி, பசிபிக் கடலிலிருந்து மினுமினுக்கும் அபலோன் சிப்பி. நம்ம ஊர்ல கரையில ஒதுங்கின சிப்பியைக் கூடையில அள்ளிட்டு வந்து திண்ணையில கொட்டுறோம். உடைஞ்சா தூக்கிப் போடுறோம். அவங்க ஒரு துணுக்கைக்கூட வீணாக்கலை. வீணாக்காததுல இருந்துதான் இந்த மொசைக் வேலையே.

மொசைக் எப்படிச் செய்வாங்கன்னு நம்ம வேலைக்காரங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். ஒரு முழுச் சிப்பியை எடுத்துக்குவாங்க. அதுதான் அடித்தளம். மேல பைன் மரத்துப் பிசினைக் காய்ச்சித் தடவுவாங்க. ஆறினா கெட்டியாப் பிடிக்கும், நிறம் கறுப்பா இருக்கும். டர்க்காய்ஸ், சிவப்புச் சிப்பி, ஜெட் என்று நிலக்கரி இனத்துக் கறுப்புக் கல், இதையெல்லாம் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டோட ஓரத்தையும் மணல்பாறையில தேய்ச்சு, பக்கத்துத் துண்டோட இடைவெளி இல்லாமப் பொருந்துற மாதிரி வைப்பாங்க. எல்லாம் ஒட்டினப்புறம் மொத்தத்தையும் ஒரே மட்டமா இழைச்சுப் பளபளப்பு ஏத்துவாங்க. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரியும். அது பிசின். இப்போ பிசினுக்குப் பதிலா நம்ம அரால்டைட் மாதிரி ரெண்டு டியூப் கலக்கிற பசையில கறுப்புப் பொடி சேர்த்து ஒட்டுறாங்க. சாணையும் மின்சாரத்துல சுத்துது. ஆனா துண்டை அறுத்துப் பொருத்துறது இன்னும் கைதான்.

பாசிக்கு ஹீஷி என்று பேர். அவங்க கெரெஸ் மொழியில ஹீஷின்னாலே சிப்பிதான். சிப்பியைச் சதுரச் சில்லா நறுக்கி, நடுவுல துளை போட்டு, முதல்ல கோர்த்துடுவாங்க. கோர்த்த சரத்தை அப்படியே கல்லுமேல வச்சு உருட்டி உருட்டித் தேய்ப்பாங்க. மூலை எல்லாம் ஒண்ணா உருண்டு, எல்லாப் பாசியும் ஒரே பருமனா வரும். நாம ஒவ்வொரு பாசியையும் தனித்தனியாத் தேய்ச்சு அப்புறம் கோக்கிறோம். கோர்த்துத் தேய்க்கிறது எவ்வளவு மிச்சம்னு யோசிச்சுப் பாருங்க. எங்க குழுவுல ரெண்டு பேரு வெள்ளைச் சிப்பியில முயற்சி பண்ணிட்டிருக்கோம். நைலான் நரம்பு அறுந்துபோகுது. மெல்லிய கம்பியில கோர்த்தா நிக்குது. துளை போட அந்தக் காலத்தில் பம்ப் துளைப்பான் வைத்திருந்தார்கள். ஒரு குச்சி, அதில் ஒரு சக்கரம், குறுக்கே ஒரு கட்டை, ரெண்டு கயிறு. கட்டையை மேலயும் கீழயும் அமுக்கினா குச்சி தானாத் திரும்பும். தயிர் கடையிற மத்து ஞாபகம் வந்தது எனக்கு.

இது எவ்வளவு பழசுன்னு ஒரே ஒரு இடத்தை வச்சுச் சொல்றேன். அந்த மாநிலத்தின் வடமேற்கில் சாக்கோ பள்ளத்தாக்கு இருக்கு. அங்கே பியூப்ளோ போனிட்டோ என்று நூற்றுக்கணக்கான அறைகள் உள்ள ஒரு பெரிய கல் கட்டடம். 1896-இல் அதைத் தோண்டினார்கள். 33-ஆம் எண் அறை, நம்ம பூஜை அறை அளவுதான் இருக்கும். அதில் ஆயிரக்கணக்கான டர்க்காய்ஸ் பாசிகளும், சிப்பி நகைகளும், டர்க்காய்ஸ் துண்டு பதித்த ஒரு கூடையும், ஊதுகிற சங்கும் கிடைத்தன. ஆமா, சங்குதான். கடலிலிருந்து அத்தனை தூரம் சங்கைத் தூக்கிட்டுப் போய் ஊதியிருக்காங்க. அந்த அறை கல்லறை. அதில் அடக்கம் செய்தவர்களில் 9 பேருடைய எலும்பை ஆராய்ந்து 2017-இல் ஒரு முடிவு சொன்னார்கள். சுமார் 300 வருஷ இடைவெளியில் அடக்கமான அவர்கள் எல்லாருமே ஒரே தாய்வழி. அந்த நகையும் கௌரவமும் அம்மா வழியாக இறங்கி வந்திருக்கிறது. இந்த ஆராய்ச்சிக்கு எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா என்று அந்த மக்கள் தரப்பில் வருத்தமும் வந்தது. நியாயம்தான். நம்ம பாட்டி கல்லறையைத் தோண்டிட்டு நம்மகிட்ட சொல்லாம இருந்தா நாம சும்மா இருப்போமா?

அப்புறம் ஸ்பானியர் ஆட்சி, 1680-இல் பியூப்ளோ மக்கள் ஒன்று சேர்ந்து அவர்களை 12 வருஷம் விரட்டி வைத்தது, இதெல்லாம் பெரிய கதை, எனக்கு நேரம் இல்லை. 1880-இல் ரயில் வந்தது. ரயிலோட சுற்றுலாக்காரங்க வந்தாங்க. வெள்ளி வேலையும் பரவியது. வாங்குறவங்க வெள்ளியைக் கேட்டாங்க. சிப்பிமேல பதிக்கிற பழைய வேலை மங்கிப்போச்சு.

இனிமே சொல்றதுதான் எனக்கு முக்கியம். மதியம் வரப்போற தீர்மானத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு.

1930-களில் அமெரிக்காவில் பெரிய பொருளாதார வீழ்ச்சி. கையில் காசு இல்லை. ஜெட் கல் வாங்க வழியில்லை, சிவப்புச் சிப்பி வாங்க வழியில்லை. சாந்தோ டொமிங்கோ மக்கள் என்ன செஞ்சாங்க தெரியுமா? பழைய கார் பேட்டரியோட கறுப்புப் பெட்டியை அறுத்தாங்க. உடைஞ்ச கிராமபோன் தட்டை அறுத்தாங்க. சிவப்புக்குப் பிளாஸ்டிக் சாமான். அடித்தளம் பேட்டரிப் பெட்டி, அதுமேல கொஞ்சம் டர்க்காய்ஸ் சில்லு, கொஞ்சம் சிவப்புப் பிளாஸ்டிக், கொஞ்சம் வெள்ளைக் கல். இறக்கை விரிச்ச ஒரு பறவை உருவம் செஞ்சு மாலையில தொங்க விட்டாங்க. இடிப்பறவை மாலைன்னு அதுக்குப் பேர். ரோட்டோரத்துலயும் ரயில் நிலையத்துலயும் சொற்பக் காசுக்கு வித்தாங்க. அடுப்பு எரியணுமே. இன்னைக்கு அந்தப் பேட்டரி மாலையைத் தேடிப்பிடிச்சு நல்ல விலை கொடுத்து வாங்குறாங்க. இது பேட்டரிப் பெட்டியில செஞ்சதுன்னு சொல்லியே விக்கிறாங்க. அருங்காட்சியகத்துலயும் இருக்கு.

எங்க குழுவுல ஒரு அக்கா கேட்டாங்க: “பிளாஸ்டிக் வச்சா அது போலிதானேடி? அதை மட்டும் ஏன் மதிக்கிறாங்க?” நல்ல கேள்வி. அந்தக் காலத்துல வாங்கினவங்க சிலர் அதைக் கறுப்புக் கல்லுன்னு நினைச்சும் வாங்கியிருப்பாங்க. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது சாந்தோ டொமிங்கோ ஆளு, சாந்தோ டொமிங்கோ வீட்டுத் தரையில உக்காந்து, பாட்டன் பூட்டன் பொருத்தின மாதிரியே பொருத்தினது. அந்த விஷயத்துல பொய் இல்லை. வேலை தொடர்ந்ததுனாலதான் கை மறக்கலை.

கை மறக்கலைன்னு நான் சும்மா சொல்லலை. ஆஞ்சி ரியானோ ஓவன் என்ற அம்மா சாந்தோ டொமிங்கோவில் 1940-களில் பிறந்தவர். சின்ன வயதில் வீட்டில் இந்த மாதிரி மலிவு மாலைகள் செய்யும் வேலையில் உதவியாக இருந்து கற்றுக்கொண்டவர். பிற்பாடு பழங்கால மொசைக் நகைகளைப் பார்த்துப் பார்த்து, 1970-களில் அதே பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தார். சிப்பி வளையல் முழுவதும் வெளிப்பக்கம் டர்க்காய்ஸும் சிவப்புச் சிப்பியும் பதித்து, நடுவில் அந்தக் கறுப்புக் கோடு ஓடுகிற வளையல்கள். அவர் குடும்பத்திலும் ஊரிலும் இன்னும் பலர் செய்கிறார்கள். பேட்டரிப் பெட்டியை அறுத்த வீட்டிலிருந்துதான் பழைய வேலையை மீட்ட ஆளும் வந்திருக்கிறார்.

இப்போ போலிக்கு வர்றேன். இவங்க நகைக்கு மவுசு கூடினதும், வேற நாட்டுல மலிவாச் செஞ்சு, பூர்வகுடி மக்கள் செஞ்சதுன்னு சொல்லி விக்க ஆரம்பிச்சாங்க. ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல்லுக்கு நீலச் சாயம் ஏத்தி டர்க்காய்ஸ்னு சொல்றது, நீலப் பிளாஸ்டிக் கட்டியை அறுத்துக் கல்லுன்னு சொல்றது. 1990-இல் அமெரிக்க அரசு இந்தியக் கலை, கைவினைச் சட்டம் கொண்டுவந்தது. அங்க இந்தியர்னா பூர்வகுடி மக்கள், நம்மைச் சொல்லலை. நம்ம நாட்டு மாலையை அங்க கொண்டுபோய் ‘இந்திய மாலை’ன்னு சீட்டு ஒட்டினா வம்புதான்! அவங்க செய்யாததை அவங்க செஞ்சதா விக்கிற தனி ஆளுக்கு முதல் தடவையே 2,50,000 டாலர் வரை அபராதம், 5 வருஷம் வரை சிறை. கம்பெனியா இருந்தா 10,00,000 டாலர் வரை. 2018-இல் அல்புகர்க்கியில் நகைக்கடை நடத்தியவர் ஒருவருக்கு, பிலிப்பைன்ஸில் செய்த நகையைப் பூர்வகுடி மக்கள் நகை என்று விற்றதற்காக 6 மாதம் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். அந்தச் சட்டம் பிளாஸ்டிக் வைக்காதேன்னு சொல்லலை. யார் செஞ்சதுன்னு பொய் சொல்லாதேன்னுதான் சொல்லுது.

சட்டத்தை விட எனக்கு மனசுல நின்னது சாந்தா ஃபே நகரத்துத் தாழ்வாரம். ஊர் நடுவில் ஆளுநர் மாளிகை என்று ஒரு பழைய மண் கட்டடம் இருக்கு. அதன் முன் தாழ்வாரத்தில் தினமும் பூர்வகுடி மக்கள் துணி விரித்து, தாங்கள் செய்த நகையைப் பரப்பி உட்கார்ந்து விற்கிறார்கள். விக்கிற பொருள் தானோ தன் வீட்டாரோ செஞ்சதா இருக்கணும். செஞ்சவங்க அடையாளக் குறி பொருள்ல இருக்கணும். விக்கிறவங்களே சேர்ந்து குழு தேர்ந்தெடுத்து அந்தக் குழு மேற்பார்வை பண்ணுது. இடத்தை விட ஆள் ஜாஸ்தியா வந்தா சீட்டுக் குலுக்கல். கேக்கும்போது நம்ம கூட்டமைப்பு மாதிரியே இல்லை?

நம்ம கதையைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். போன பொங்கலுக்கு முன்னாடி ஒரு வியாபாரி எங்க குழுவுக்கு வந்தார். பேர் வேண்டாம். அச்சுல ஊத்தின பிளாஸ்டிக் சிப்பி மாலை மூட்டையா வச்சிருந்தார். “நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்மா, உங்க கூட்டமைப்பு ஸ்டிக்கரை ஒட்டிக் கண்காட்சியில வச்சுக் கொடுங்க, மாலைக்கு 5 ரூபாய்” என்றார். நாங்க கையால செய்யிற ஒரு மாலைக்கு அறுக்க, தேய்க்க, கோக்க மூணு மணி நேரம் ஆகுது. மொத்த வியாபாரத்துல 60 ரூபாய் வருது. அவர் சொல்ற மாதிரி செஞ்சா ஒரு மணி நேரத்துல 100 ஸ்டிக்கர் ஒட்டலாம். கணக்குப் பாத்தா அவர் சொல்றதுதான் லாபம். பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டுற மாசம் வேற. வேண்டாம்னு சொல்ல எங்களுக்கு ரெண்டு கூட்டம் ஆச்சு. ஒத்துக்கலாம்னு சொன்ன நாலு பேரும் கெட்டவங்க இல்லை, கஷ்டப்படுறவங்க. அவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் இதைப் பேசுறேன்.

அவங்க கேக்குறதுக்குப் பதில் சொல்லாம ‘கூடாது’ன்னு மட்டும் தீர்மானம் போட்டா நியாயம் ஆகாது. அதனால எங்க குழு கேக்குறது மூணு விஷயம். கூட்டமைப்பு முத்திரை உறுப்பினர் கையால செஞ்ச பொருளுக்கு மட்டும் இருக்கணும். வெளியில வாங்கின பொருளை விக்க ஆசைப்பட்டா விக்கட்டும், தனி மேசையில, முத்திரை இல்லாம, ‘வாங்கி விற்பது’ன்னு எழுதி வச்சு. அடுத்தது, கையால செஞ்ச சிப்பி மாலையை 60-க்குக் கொடுக்காம கண்காட்சியில நேரடியா 150-க்கு விக்க எங்களுக்கு ஒரு மேசை ஒதுக்கணும். போன தடவை ரெண்டு குழுவுக்கு நடுவுல ஒரு முக்காலி கிடைச்சது.

மூணாவது, தூசி. இதை யாரும் பேசுறதில்லை. சிப்பி அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் வர்ற பொடி நுரையீரலுக்கு ஆகாது. அங்க சிப்பியையும் கல்லையும் இழைக்கிறவங்களும் அந்தப் பொடிக்குப் பயப்படுறாங்க. தண்ணி விட்டுக்கிட்டே இழைச்சா பொடி பறக்காது. நாம முந்தானையை மூக்குல சுத்திக்கிட்டு வீட்டுக்குள்ள, தூளியில பிள்ளை தூங்குற இடத்துல தேய்க்கிறோம். சாணைக்குத் தண்ணிச் சொட்டு வைக்கிற டப்பா பெரிய செலவு இல்லை. நல்ல முகக்கவசமும் வேணும், துணியில தைச்சது போதாது. தொழில் கடன்ல இதுக்கு இடம் வைக்கணும்னு பொருளாளர் அக்காகிட்ட எழுதிக் கொடுத்திருக்கேன்.

எங்க மாலையில தொங்க விடுற சீட்டு ஒண்ணு மாதிரிக்குச் செஞ்சு பின்னாடி மேசையில வச்சிருக்கேன். முன்பக்கம் கூட்டமைப்பு முத்திரை. பின்பக்கம் ‘செய்தவர்’னு ஒரு கோடு, ‘சிப்பி’னு ஒரு கோடு, ‘மற்றவை’னு ஒரு கோடு. நைலான் நரம்பு, பிளாஸ்டிக் கொக்கி எல்லாம் மூணாவது கோட்டுல எழுதிடுவோம். கையெழுத்துப் போடத் தெரியாதவங்க என்ன செய்யிறதுன்னு ஒரு பாட்டி கேட்டாங்க. அவங்களுக்கு ஒரு சின்னக் குறி. அவங்களே சோழி மாதிரி ஒண்ணு வரைஞ்சு காட்டினாங்க, அதையும் அங்க பாக்கலாம். சாப்பாட்டு இடைவேளையில வந்து பாத்து, சீட்டுல மாத்தணும்னா சொல்லுங்க. தீர்மானம் மூணு மணிக்கு.